கூழாங்கல் வந்த பொங்கப்படி

கிழங்குச் சாக்கை அத்தை, அதாவது என் மாமியார், பட்டாசல் கூடத்தில் கவிழ்த்தபோது எழுந்த சத்தம் கிழங்குச் சத்தமே இல்லை.

சிறுகிழங்கைக் கொட்டினால் பொதபொதவென்று விழும். இதுவோ கடகடவென்று உருண்டது. ஒன்று ஊஞ்சலுக்கு அடியில் போய் நின்றது. இன்னொன்று வாசற்படியில் மோதித் திரும்பி வந்தது. பார்க்க வந்திருந்த தெருப்பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள்.

என் தம்பி சுந்தரம் தோளில் கரும்புக் கட்டோடு அப்படியே நின்றான். கட்டை இறக்கி வைக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

தரை முழுக்கக் கூழாங்கல். சேறு அப்பிக் காய்ந்த கூழாங்கல். பார்வைக்கு அச்சு அசல் சிறுகிழங்கு மாதிரியே இருந்தது. பெரியத்தை குனிந்து ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார்.

"ஏளா, இது கல்லுல்லா!" என்றார்.



சென்ற வாரம் இந்தப் பகுதியை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். ஆவணியில் கல்யாணம். இது அடுத்து வந்த தை, புகுந்த ஊரான ஏரலில் எனக்குத் தலைப்பொங்கல். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

கல்லில் என்ன இருக்கிறது?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். அதற்குப் பொங்கப்படி என்று பெயர். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சேனை, சிறுகிழங்கு எல்லாம் போகும். முதல் வருஷமென்றால் வெண்கலப் பானையும் சேர்ந்து போகும்.

படி வந்து இறங்கினால் தெருவே பார்க்க வரும். "நல்லா செஞ்சிருக்காவ" என்று வாயால் சொல்வார்கள். கண் மட்டும் பானையின் கனத்தை எடைபோடும். பெண்ணின் மானம் அன்றைக்கு அந்தப் பட்டாசலில் பரப்பிக் கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் கிழங்குக்குப் பதில் கல் வந்தால்? சோற்றில் கல்லைப் போடுகிறவன் என்று நம் ஊரில் யாரைச் சொல்வோம்? பிழைப்பைக் கெடுக்கிறவனைத்தானே?

அதையும் சாதாரண சம்பந்தி வீடு என்றால் மறந்துபோச்சு, மாறிப்போச்சு என்று சொல்லிச் சமாளிக்கலாம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு புகைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் சொதி.

தேங்காய் குளித்த கதை

எங்களவர் கல்யாணத்தில் தாலி கட்டுவதைக்கூட ஒருவேளை கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். மறுவீட்டுச் சொதியை விடமாட்டார்கள். பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துப் போடுகிற சாப்பாடு அது. முதல் பால், இரண்டாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இதில் குறை வந்தால் ஏழு ஜென்மத்துக்கும் பேச்சு நிற்கும்.

என் மறுவீட்டில் அப்பா தானே முன்னால் நின்று சொதி வைக்கச் செய்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா அணைக்கட்டில் ஓவர்சியர். எதையும் அளந்து செய்கிற மனுஷர். தண்ணீர் திறந்துவிடுவது மாதிரியே தேங்காய்ப்பாலையும் கூடாமல் குறையாமல் விடச் சொன்னார்.

பந்தியில் பெரியத்தை ஒரு வாய் வைத்தார். பெரியத்தை என்றால் என் மாமியாருக்கு அக்கா முறை, மாமனாரின் அண்ணன் மனைவி. மாமனார் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டதால் ஏரல் குடும்பத்துக்கு அவர்தான் பெரியவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது இது:

"சொதியில தேங்கா குளிச்சிட்டுப் போயிருக்கு போல."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், தாலி கட்டிய மறுநாள் எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். பரிமாறிக்கொண்டிருந்த அப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் தண்ணி தொறந்து விட்டாத்தான் அவுக ஊர்ல பிசான நெல்லே வெளையும். எனக்கா தண்ணிச் சொதிங்கா? இனிமே அந்த வீட்டு வாசப்படியில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பெரியத்தையைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு அது ஒரு கேலி. சம்பந்தி வீட்டுப் பந்தியில் குற்றம் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள். தவிர, ஆற்றுக்கு மேலே பாபநாசத்தில் இருப்பவர்களுக்கும் கீழே ஏரலில் இருப்பவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு சீண்டல் உண்டு. "நீங்க குளிச்சு விட்ட தண்ணியத்தான நாங்க குடிக்கோம்" என்று என் வீட்டுக்காரரே பெண் பார்க்க வந்த அன்று சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்பதை இத்தனை வருஷம் கழித்து அவர் இந்தப் பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். தலைதீபாவளிக்கு அழைக்கக்கூட அவர் ஏரலுக்கு வரவில்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. இந்த வீட்டு வாசலுக்கு என் அப்பா எப்போதாவது வருவாரா, அல்லது இப்படியே போய்விடுமா? சண்டை போட்டுப் பிரிந்தாலாவது சமாதானம் பேசலாம். சொதியில் பிரிந்தவர்களை எதைச் சொல்லிச் சேர்ப்பது?

இந்த நிலையில்தான் படியில் கல் வந்தது. அதுவும் அப்பா வீட்டிலிருந்து.

மேலாத்து வழக்கம்

பெரியத்தை கையில் இருந்த கல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அவர் முகம் சிவப்பதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வாயைத் திறந்திருப்பார். திறந்திருந்தால் சுந்தரம் கரும்போடு திரும்பிப் போயிருப்பான். அதோடு என் பிறந்த வீட்டு உறவு முடிந்திருக்கும்.

என் அத்தை முந்திக்கொண்டார்.

"அக்கா, இதுதானா அது! நான் கேள்விப்பட்டிருக்கேன், பாத்ததில்ல" என்று கைதட்டிச் சிரித்தார்.

பெரியத்தை திரும்பினார். "எதுளா?"

"மேலாத்துக்காரவ வழக்கம். தலைப்பொங்கப்படியில ஒரு ஏமாத்து வச்சு அனுப்புவாவளாம். சம்பந்தி வீட்டுல சிரிக்காவளா, மொறைக்காவளான்னு பாக்கதுக்காம். சிரிச்சா பொண்ணு நல்லா இருக்கும்னு அர்த்தமாம்."

அத்தை பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்கிறவர். அப்படிப்பட்டவர் நட்ட நடுப் பட்டாசலில் நின்று, தெருப்பெண்கள் முன்னால், தண்ணீர் குடிப்பது மாதிரி ஒரு பொய்யைச் சொன்னார். பாபநாசத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை.

பெரியத்தைக்குச் சந்தேகம். "எனக்குத் தெரியாம ஒரு வழக்கமா? நான் கேட்டதில்லையே."

"நமக்கு எப்படிக்கா தெரியும்? ஆறு அங்கனதான பொறக்கு. வழக்கமும் அங்கன பொறந்து பைய இறங்கி வரணும்லா."

பெரியத்தை சிரிக்கவில்லை. ஆனால் முறைத்தால் பெண் நன்றாக இருக்காது என்று அத்தை ஒரு பூட்டுப் போட்டிருந்தாரே, அது வேலை செய்தது. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொந்த வீட்டு மருமகளுக்குக் கேடு நினைத்தவர் என்ற பெயரை அவர் எடுப்பாரா? வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு "ஹூம்" என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் வினை. பெரியத்தைக்கு வழக்கம் என்றால் உயிர். அரைகுறையாக விடமாட்டார். சுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏலே தம்பி, இந்தக் கல்ல என்ன செய்யணும்? மொறை என்ன?"

சுந்தரம் அப்போது பாங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எதைக் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் உள்ளவன். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கழுவி… மஞ்ச தடவி… பொங்கப்பானைக்குப் பக்கத்துல வைக்கணும் பெரியத்தை."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

"பதிலுக்கு நாங்க ஒண்ணும் செய்ய வேண்டாமாலே? சும்மா வாங்கி வச்சுக்கிட்டா அது என்ன வழக்கம்?"

பாவம், வாயில் வந்ததைச் சொன்னான். "நீங்களும் எங்க அப்பாவ ஏதாவது வச்சு ஏமாத்தணும்."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். பெரியத்தை முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உண்மையான சந்தோஷத்தைப் பார்த்தேன். "அப்படிச் சொல்லு" என்று எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அடுக்களையில் அத்தை தனியாக அகப்பட்டபோது கேட்டேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னிய?"

"ஒன் தம்பி மூஞ்சியப் பாத்தேன். அந்த மூஞ்சி வேணும்னு கல்லு கொண்டுவந்த மூஞ்சி இல்ல. ஆனா அத எங்க அக்காட்டச் சொன்னா நம்பவா செய்வா?"

"பொய்தான அத்தை?"

அவர் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னார். "இந்த வருஷம் பொய். அடுத்த வருஷமும் செஞ்சா வழக்கம். நீ போயி எலையப் போடு."

தூக்குச்சட்டி பாபநாசம் போன விதம்

சுந்தரம் சாயங்காலம் கிளம்பும்போது பெரியத்தை ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு வந்தார். மூடிக்கு மேலே துணி போட்டு இறுக்கக் கட்டியிருந்தது.

"இத ஒங்கப்பா கையிலதான் குடுக்கணும். வழியில தொறந்து பாத்தேன்னா தெரியும்" என்றார்.

உள்ளே என்ன என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தை அணைத்துவைத்த நெருப்பைப் பெரியத்தை தூக்குச்சட்டியில் போட்டு அனுப்புகிறாரே என்று இருந்தது.

பிற்பாடு சுந்தரம் வந்து அங்கே நடந்ததை எங்களுக்கு நடித்தே காட்டினான். பஸ்ஸில் வழியெல்லாம் சட்டி களக் களக் என்று ஆடியிருக்கிறது. மடியில் ஈரம். பக்கத்து ஸீட்டுக்காரர் "என்ன தம்பி, மீனா?" என்று கேட்க, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த இவன் நெளிந்திருக்கிறான்.

வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். உள்ளே ஆற்றுத் தண்ணீர். அதில் ஒரு முழுத் தேங்காய் குடுமியோடு மிதந்துகொண்டிருந்தது.

தேங்காய் குளித்துக்கொண்டிருக்கிறது!

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்பாவின் மீசை துடித்தது. "இது என்னலே?" என்றார்.

சுந்தரம் பயத்தில் ஆதியோடு அந்தமாகக் கொட்டிவிட்டான். சாக்கிலிருந்து கல் உருண்டது, பெரியத்தை சிவந்தது, அத்தை சிரித்துக்கொண்டு பொய் சொன்னது, மஞ்சள் தடவச் சொன்னது, பதிலுக்கு ஏமாற்றச் சொன்னது எல்லாம்.

"கல்லா? நம்ம வீட்டுல இருந்தா?"

அப்பா சட்டென்று எழுந்தார். புறவாசலுக்கு ஓடினார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆறு கலங்கியதில் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அப்பா தண்ணீரை வடிகட்டச் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார். அடியில் கூழாங்கல், மேலே மணல். கல்லை ஆற்றிலிருந்து உரச் சாக்கில் அள்ளி வந்து புறவாசலில் சாய்த்திருந்தார். அம்மா படிக்கு வாங்கிய சிறுகிழங்கும் உரச் சாக்கில் அதே புறவாசலில்தான் சாய்ந்திருந்தது. விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய சுந்தரம் கைக்கு வந்த சாக்கைத் தூக்கிக்கொண்டான். கனமாக இருந்ததாம். "அம்மா அக்காவுக்குக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டிருக்கா போலன்னு நெனச்சேன்" என்றான்.

கல் சாக்கு ஏரலுக்குப் போய்விட்டது. அப்படியானால் தொட்டிக்குள் போனது எது?

அப்பா முழங்கை வரைக்கும் மணலுக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறையச் சிறுகிழங்கு, தண்ணீரில் ஊறி, மினுமினுவென்று. அன்றைக்குக் காலையில் மூக்குக்கண்ணாடி போடாமல் சாக்கை அப்படியே கவிழ்த்து, மேலே மணலைக் கொட்டி, ஒரு குடம் தண்ணீரும் வடித்துக் குடித்திருந்தார். "நல்லா தெளிஞ்சிருக்கு" என்று அம்மாவிடம் பெருமை வேறு.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். அப்பா சிரிக்கவில்லை.

"அந்த டீச்சரம்மா நமக்காவா பொய் சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. தெருவே இருந்துச்சு."

உள்ளே வந்து தூக்குச்சட்டியில் மிதந்த தேங்காயை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "ஒடைச்சு இதுல எதையாவது வை" என்றார். அந்தத் தேங்காயையும் மணலிலிருந்து தோண்டிய கிழங்கையும் போட்டு அம்மா வைத்த கறிக்கு இன்றுவரை பெயர் கிடையாது. ருசியாக இருந்ததாகச் சுந்தரம் சத்தியம் செய்கிறான்.

ஒரு வழக்கம் பெரிதாகிற விதம்

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்றால், போன பொங்கலுக்கு ஒரு பெண் கையில் போனோடு வந்தாள். ஊர் வழக்கங்களைப் படம் பிடித்துப் போடுகிற பெண். எங்கள் தெருவில் இப்போது பல வீடுகளில் பொங்கப்படியில் ஏமாத்து வைக்கிறார்கள். கோலத்தில் பொங்கப்பானை, பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு கூழாங்கல். அந்தப் பெண் அதைப் படம் பிடித்து, ஆற்றங்கரை மக்கள் மன்னர் காலத்திலிருந்து நீர்த் தெய்வத்துக்குச் செய்கிற வழிபாடு என்று விளக்கம் சொல்லிப் போட்டுவிட்டாள். பார்த்தவர்கள் கைகூப்பியிருக்கிறார்கள்.

தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். எதற்கும் ஆதாரம் கேட்டே பழக்கம். அந்த மன்னர் வேறு யாரும் இல்லை, தூக்கக் கலக்கத்தில் சாக்கு மாற்றித் தூக்கிய என் தம்பிதான் என்று நான் சொன்னால் அவள் நம்பவில்லை. "இல்ல ஆன்ட்டி, இது ரொம்பப் பழசு" என்று எனக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

வழக்கத்தை நிஜமாக வளர்த்தது என் வீட்டுக்காரரும் சுந்தரமும்தான். மச்சினனும் அத்தானும் ஒருவரை ஒருவர் கேலி செய்யச் சாக்கு வேண்டுமா என்ன? ஒரு வருஷம் சுந்தரம் கரும்புக் கட்டுக்கு நடுவில் மூங்கில் கழிக்கு ஊதா வர்ணம் அடித்துச் சொருகிவிட்டான். இவர் அதை வெட்டப்போய் அரிவாள் வாய் மழுங்கியது. பதிலுக்கு இவர் வெல்ல அச்சில் செங்கல்லை இழைத்து, சர்க்கரைப் பாகு தடவி அனுப்பினார். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் வெல்லம் நல்லா இறுகியிருக்கு" என்று பானைக்கே கொண்டுபோய்விட்டார்.

என் மகளை ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்தபோது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பனங்காட்டுக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? முதல் வருஷமே பனங்கிழங்குக் கட்டில் ஒரு மெழுகுவத்தியை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு நாரெல்லாம் ஒட்டி, நுனியைக் கிள்ளி வைத்திருந்தார்கள். நான் வேகவைத்து, சட்டியைத் தூக்கிக் கடாச வேண்டியதாயிற்று.

ஏமாத்துக்கு எழுதாத சட்டம் உண்டு. சாப்பிடுகிற பொருள் வீணாகக் கூடாது. யாருடைய குறையையும் குத்திக் காட்டக் கூடாது. பந்தியில் இலை விழுவதற்குள் எது ஏமாத்து என்று கண்டுபிடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் தோற்றேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கலும் இல்லை, படியும் இல்லை, ஏமாத்தும் இல்லை.

அத்தை காலமான வருஷம் அப்படித்தான் இருந்தது. சுந்தரம் வெறுங்கையோடு வந்தான். அவனும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். ஒரு பொய்யைச் சொல்லி எங்களையெல்லாம் கோத்துவைத்த மனுஷி இல்லாத வீடு அப்படித்தான் இருக்கும்.

சரி, கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன்.

மறு வருஷம்

அந்தத் தேங்காய்க்குப் பிறகு அப்பா மனம் மாறிவிட்டார், மறுநாளே ஏரலுக்கு வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லையே.

அந்த வருஷம் முழுக்க அவர் வரவில்லை. நான் பாபநாசம் போனால் நன்றாகப் பேசுவார், ஏரலில் எல்லோரும் சுகமா என்று விசாரிப்பார். "ஒரு நடை வாங்களேம்ப்பா" என்றால் மட்டும், "கார் நெல்லுக்குத் தண்ணி தொறக்கணும்", "பிசானத்துக்குத் தண்ணி தொறக்கணும்" என்பார். அணையை ஒரு நாள்கூட வேறு யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வர அவருக்கு வழி தெரியவில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

பெரியத்தை வேறு தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மனுசன் ரோசக்காரர். இந்த ஜென்மத்துல வரமாட்டாரு பாத்துக்கிடுங்க." அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அதுதான் நிஜம் என்று தோன்ற ஆரம்பித்தது. யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றப் பழகிக்கொண்டேன். பொங்கல் நெருங்கியபோது சுந்தரத்தை மட்டும்தான் எதிர்பார்த்தேன்.

படி வரும் நாளில் பெரியத்தை விடிந்ததும் வந்து பட்டாசலில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் மாதிரி ஏமாறக் கூடாது என்று முறம், அரிவாள்மணை எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தது. தெருப்பெண்களும் கூடிவிட்டார்கள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் சுந்தரம் கரும்போடு வந்தான். அவனுக்குப் பின்னால், அரிசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா.

அத்தைதான் ஓடிப் போய், "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று பெட்டியை வாங்கினார். அப்பா படியேறி, காலைக் கழுவி, பட்டாசலில் ஊஞ்சலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரியத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியத்தையும் கும்பிட்டார். அப்புறம் பெரியத்தை ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, வேலையில் இறங்கிவிட்டார்.

அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தார். ஒரு குறுணிக் கல்கூட இல்லை. வெல்லத்தை ஒவ்வொன்றாக உடைத்தார். வெல்லம்தான். சிறுகிழங்கை ஒன்று விடாமல் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகக் கிழங்குதான். கரும்பைத் தட்டினார், மஞ்சளை முகர்ந்தார், சேனைக்கிழங்கை இரண்டாகப் பிளந்தார். பூசணிக்காய்க்குள் ஏதாவது வைத்து ஒட்டியிருக்கிறதா என்று காம்பைத் திருகினார். எல்லாம் சொக்கத் தங்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல படி அந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

பெரியத்தைக்கு வேர்த்துவிட்டது. அடுக்களையில் இலை நறுக்குகிற சத்தம் கேட்டது. இலை விழுந்துவிட்டால் தோற்றதாகிவிடும்.

"அண்ணாச்சி, நான் தோத்துட்டேன்" என்றார் கடைசியில். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "ஏமாத்த எங்கன வச்சிருக்கிய? சொல்லிப்போடுங்க."

அப்பா சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் அந்த மாதிரிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இந்தா ஒங்க முன்னாடிதான ஒக்காந்திருக்கு."

பெரியத்தைக்குப் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"இந்த ஜென்மத்துல வரமாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியளாம்லா, சம்பந்தியம்மா" என்றார் அப்பா. "நான் வந்துட்டேன். ஏமாந்துட்டிய."

பெரியத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

"நல்லாத்தான் ஏமாத்திட்டிய" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏளா கோமதி, என்ன அங்கன நின்னு பாத்துக்கிட்டிருக்க? ஒங்கப்பாவுக்கு எலையப் போடு."

இலையைப் போடக் குனிந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர நேரமாயிற்று. அன்றைக்கு அந்தப் பட்டாசலில் என்னைப் போல ஏமாந்தவர் யாருமில்லை. அப்பா வரவே மாட்டார் என்று பெரியத்தை வாயால்தான் சொன்னார், நான் மனதார நம்பியிருந்தேன்.